கறிக்கடைக்காரர் நடத்திய பாடம்

அண்ணே, கோச்சுக்காம உங்க போன்ல ஒரு நம்பர் போட்டுப் பாக்குறீங்களா? பழனியில பஸ் ஏறினதுல இருந்து நானும் போட்டுக்கிட்டே வர்றேன், சுவிட்ச் ஆஃப்ங்குது. கோளாறு என் போன்லதானோன்னு ஒரு சந்தேகம். ஆங், அதே நம்பர்தான். அடிக்குதா? உங்களுதுலயும் ஆஃப்ங்குதா? சரி வைங்கண்ணே. ரொம்ப நன்றி. படிக்கிறவ ஆஃப் பண்ணித்தானே வைப்பா.

என் வீட்டுக்காரிண்ணே. மலர்க்கொடின்னு பேரு. ஒட்டன்சத்திரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு. நாளைக்குக் காலையில அவளுக்குக் கோயம்புத்தூர்ல பரீட்சை. அரபு நாட்டுல நர்ஸ் வேலை பாக்கணும்னா அந்த நாட்டுக்காரன் லைசென்ஸ் குடுக்கணுமாம். லைசென்ஸுக்குக் கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை. மூணு தடவைக்கு மேல எழுத விடமாட்டான். ரெண்டு போச்சு. நாளைக்கு எழுதுறது கடைசி. அதுல அவ ஒரு கேள்விக்குத் தப்பா பதில் போடப்போறாண்ணே. எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா அந்தப் பதிலைச் சொல்லிக் குடுத்தவன் நான்தான். அதுக்கு முன்னாடி போய் அவகிட்ட மாத்திச் சொல்லியாகணும். அதான் வேட்டியை மாத்தக்கூட வீட்டுக்குப் போகாம அடிச்சுப் புடிச்சு பஸ் ஏறிட்டேன்.

வாத்தியாரா? நானா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு! கறிக்கடைண்ணே. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னாடி வீரபத்திரன் கறிக்கடைன்னு கேட்டா சின்னப்புள்ளகூடக் கை காட்டும். நான்தான் வீரபத்திரன். இப்பக் கடை இல்ல. அந்த எடத்துல எவனோ போனுக்கு மேல ஒட்டுற கண்ணாடி விக்கிறான். இந்தக் கையைப் பாருங்க. நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. நீட்டுனது நீட்டுனபடிதான். ஆமா, கத்திதான். போதும், துண்டைப் போட்டு மூடிக்கிறேன். ஆளுக பாத்தா கேள்வி கேப்பாங்க.

போன தீவாளிக்கு நடந்தது. தீவாளின்னா கறிக்கடைக்காரனுக்கு எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? விடியக்காலம் இருந்து ஆளு தெரு முக்கு வரைக்கும் நிக்குது. தொடையில எலும்பைப் பிரிச்சுக்கிட்டிருக்கேன். கைப்பிடியெல்லாம் கொழுப்பு. கை வழுக்கி, கத்தியோட கூர்ப்பக்கம் ஓடிருச்சு. மஞ்சப்பொடியை அப்பி, துணியைச் சுத்திக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் இடது கையிலயே வெட்டித் தள்ளினேன். மலரு டியூட்டி முடிஞ்சு வந்து துணியை அவுத்துப் பாத்துட்டு, 'விரலை மடக்குங்க'ன்னா. மடக்குறேன், மடங்கல. 'கிளம்புங்க, இப்பவே மதுரைக்குப் போவோம்'னு நின்னா. நான்தான் தோலை மட்டும் தைச்சுக்கிட்டுப் பேசாம இருந்துட்டேன். ஐப்பசி முழுக்கக் கல்யாண ஆர்டர். கார்த்திகை பொறந்தா ஊருல பாதிப்பேரு மாலை போட்டுருவான், கறி வியாபாரம் படுத்துரும், அப்பச் சாவகாசமாப் போய்க்கலாம்னு ஒரு கணக்கு. போனேன். மதுரை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இம்புட்டு நாளா என்னய்யா பண்ணுன'ன்னாரு.

உள்ள தசைநாண்னு ஒண்ணு இருக்குண்ணே. இங்கிலீசுல டெண்டன். அது அந்துபோனா, இழுத்துக் கட்டுன ரப்பர் அந்தாப்புல, முனை உள்ளுக்குள்ள ஓடிரும். உடனே போனா தேடிப் புடிச்சுத் தைச்சிருப்பாங்களாம். இப்ப, கையில வேற எடத்துல இருந்து ஒரு நாணை எடுத்து இதுல வச்சுத் தைக்கணுமாம். அதுக்குத் தேதிகூடக் குடுத்தாங்க. மலரு பரீட்சை முடியட்டும்னு நான்தான் தள்ளி வச்சேன். வீட்டுல ஒருத்தி ராப்பகலாப் படிக்கும்போது இன்னொருத்தன் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்துக் கிடந்தா வீடு வெளங்குமா? நீங்களே சொல்லுங்க. அது கிடக்கட்டும். நான் பரீட்சையைப் பத்திச் சொல்ல வந்தேன்.

முதல் தடவை அவளாத்தான் படிச்சா. நான் ஒரு வார்த்தை குறுக்க பேசல. எனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துட்டு, டியூட்டிக்கும் போயிட்டு, கிடைக்கிற ரவ்வோண்டு நேரத்துல புஸ்தகத்தைத் தொறந்து வச்சுக்கிட்டுத் தூங்கி விழுவா. கொஞ்ச மார்க்குல போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேண்ணே, இதை இவ கையில விட்டா வேலைக்கு ஆகாது, நாமளே எறங்கணும்னு.

நான் எட்டாவது. அவ புஸ்தகமெல்லாம் இங்கிலீசு. ஆனா எம்மக நிவேதா பதினொண்ணு படிக்கிறா, தமிழ் மீடியம். அவ விலங்கியல் புஸ்தகத்தைப் புரட்டுனா, உள்ள 'திசு'ன்னு ஒரு பாடம். திசு நாலு வகைண்ணே. எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதைத்தானேய்யா நான் இம்புட்டு வருசமா கிலோக் கணக்குல வித்தேன்! தோலுக்கு மேல் பக்கமும் குடலுக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கிறதும் எபிதீலியம். கொழுப்பு, சவ்வு, எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் இணைப்பு. ரத்தத்தையும் கொண்டுபோய் இணைப்புலதான் சேத்திருக்கான், அதுல எனக்கு இன்னமும் சம்மதம் இல்ல. கறி தசை. மூளை நரம்பு. முடிஞ்சு போச்சு பாடம். இதுக்குப் போயா இவ இந்தப் பாடு படுறான்னு தோணுச்சு.

அன்னைக்கு இருந்து நான் வாத்தியார், அவ மாணவி. பக்கத்துக் கடை சிக்கந்தர் பாய்கிட்டச் சொல்லி வச்சு, காது, மூக்குத்தண்டு, நெஞ்செலும்பு, சுவரொட்டிங்கிற மண்ணீரல், கிட்னி, எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு வாங்கிட்டு வந்துருவேன். மலரு டியூட்டி முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டும்போதே அடுப்படியில தாம்பாளத்துல பரப்பி வச்சிருப்பேன். ஆட்டுக்காதை மடக்கி விட்டா சடக்குன்னு நிமிரும் பாருங்க, அது மீள்தன்மையுள்ள குருத்தெலும்பு. 'மனுசக் காதும் அதேதான்டி, உன் காதை நீயே மடக்கிப் பாரு'ம்பேன். மடக்கிப் பாப்பா. 'சரிங்க'ம்பா. இதயத்தை நறுக்கி, 'இங்க பாரு, இது தானா துடிக்கிற தசை, தொடைக்கறி நாம சொன்னாத்தான் அசையும்'பேன். 'சரிங்க'ம்பா. ஒண்ணைக்கூட எதுத்துக் கேக்கமாட்டா. நல்ல மாணவிண்ணே. கறின்னா உசுரை விடுறவ, இப்பத் தொடுறதே இல்ல. ரசம் போதுங்குறா. படிப்பு மும்முரத்துல வாய்க்கு ருசி தெரியாமப் போச்சு போல.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். வயிறு.

போட்டி, அதான் ஆட்டுக்குடல், சாப்பிட்டிருக்கீங்கல்ல? அதைச் சுத்தம் பண்ணுனவனுக்குத் தெரியும். ஆட்டு வயித்துல நாலு அறை இருக்கும். ஒண்ணு சொரசொரன்னு துவாலை மாதிரி, ஒண்ணு தேன்கூடு மாதிரி, ஒண்ணு ஏடு ஏடாப் புஸ்தகம் மாதிரி, கடைசியா ஒண்ணு வழவழன்னு. நான் நாலையும் கழுவி விரிச்சு வச்சு, 'வயித்துக்கு அறை எத்தனை? நாலு. சொல்லு'ன்னேன். அன்னைக்குத்தான் மொத மொதலா அவ மறுத்துப் பேசுனா. 'மனுசனுக்கு அப்படி இல்லங்க'ன்னா. நான் விடுவனா? 'ஆட்டுக்குப் பல்லு எத்தனைடி?' எனக்குத் தெரியும், முப்பத்திரண்டு. 'மனுசனுக்கு?' அதுவும் முப்பத்திரண்டு. ஈரல் ரெண்டுக்கும் ஒண்ணு. கிட்னி ரெண்டுக்கும் ரெண்டு. இதயத்துல ரெண்டுக்கும் நாலு அறை. 'எல்லாத்தையும் ஒண்ணுபோலக் குடுத்த சாமி வயித்துல மட்டும் வஞ்சகம் பண்ணுமாடி? மனுசனுக்கு உள்ள மடங்கிக் கிடக்கும், வெளிய தெரியாது, அம்புட்டுதான்'னேன். அவ என் கையை ஒரு தடவை பாத்தா. அப்புறம், 'சரிங்க'ன்னா.

அவ சரிங்கன்னுட்டா மனசுல எழுதிக்கிட்டான்னு அர்த்தம்ணே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ சரிங்கன்னு சொல்லிட்டு மாத்திச் செஞ்சதே இல்ல.

ரெண்டாவது பரீட்சைக்கு நான் கூடவே போனேன். கடைசி நிமிசம் வரைக்கும் விடலையே நானு. பஸ்ல கேட்டேன், ஆட்டோவுல கேட்டேன், அந்த சென்டர் வாசல்ல செருப்பைக் கழட்டச் சொன்னான், கழட்டும்போதும் கேட்டேன். வாட்ச்மேன் வந்து, 'யோவ், அந்தம்மாவை விடுய்யா'ன்னு என் தோளைப் புடிச்சுத் தள்ளிட்டான். அதுலதாண்ணே அபசகுனம் ஆகிப்போச்சு. வெளிய வரும்போது முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு வந்தா. உள்ள ஏசி ஜாஸ்தியாம். கறிக்கடை ஐஸ் பெட்டி மாதிரி வச்சா மனுசன் எப்படி எழுதுவான்? ஏசியிலதான் போச்சு அந்தத் தடவை.

வீட்டுக்கு வந்தவ புஸ்தகத்தையெல்லாம் கட்டி மூலையில வச்சுட்டா. அப்புறம் ஒருநாள், 'கொஞ்ச நாளைக்கு என்னை விட்ருங்களேன்'னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. பாவம், ஆஸ்பத்திரி வேலையும் பாத்து, சோறும் ஆக்கி, பாடமும் படின்னா அவ என்ன பண்ணுவா? அன்னைக்கு இருந்து அடுப்படியை நான் எடுத்துக்கிட்டேன். ஒரு கையிலதான், ஆனாலும் குழம்பு வைப்பேன். அதுல ஒரு சவுகரியம் என்னன்னா, அவளுக்கு வேற வேலையே இல்ல, முழு நேரமும் கேள்வி கேக்கலாம். குளிக்கப் போனாக்கூட நான் வெளிய நின்னு கேப்பேன். உள்ள தண்ணிச் சத்தம் கேக்கும், பதிலு வராது. யோசிக்கிறான்னு நினைச்சு நானும் காத்துக்கிட்டு நிப்பேன். அவளும் விடல. லீவு நாள்ல எல்லாம் கூடுதல் டியூட்டி வாங்கிக்கிட்டா. 'வார்டுல சும்மா இருக்கும்போது படிப்பேங்க'ன்னா. அப்படியா கதைன்னு நான் வார்டுக்கே போய் ஜன்னல் பக்கம் நின்னு ரெண்டு கேள்வி கேட்டேன். அங்க ஒரு பெரிய நர்ஸம்மா இருக்குது. என்னைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிருச்சு. வயித்தெரிச்சல்ணே. தன் வீட்டுக்காரன் இப்படி ஒரு நாளாவது வந்து நின்னானான்னு இருக்கும்ல.

என்ன சிரிக்கிறீங்க? சிரிங்க, சிரிங்க. ஊரே சிரிச்சுச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்குப் பயம்ணே. காலையில எந்திரிச்சா நெஞ்சுக்குள்ள ஆட்டுக்குட்டி துள்ளுற மாதிரி இருக்கு. இந்தத் தடவையும் போச்சுன்னா நாங்க அம்புட்டுதான். கத்தி புடிக்கிற கை போனவனுக்கு யாரு கறி வெட்டுற கட்டையைக் குடுப்பா? சிக்கந்தர் பாய் கூப்பிட்டாரு, கல்லாவுல உக்காருன்னு. நான் வெட்டுன ஊருல, இன்னொருத்தன் வெட்டுறதை உக்காந்து பாக்கச் சொல்றாரு. நல்ல மனுசன்தான், ஆனா என்னால முடியல. மலரு பாஸ் பண்ணணும். அவ போகணும், நிவேதா படிக்கணும். எனக்கு வேற வேண்டுதலே கிடையாது. பழனி மலைக்கு முடி நேந்துக்கிட்டேன். அவ முடி இல்ல, என் முடி. பாத்தீங்கள்ல, அதான் ஆறு மாசமா இந்தக் கோலம்.

திங்கக்கிழமை அவளாக் கிளம்பிட்டா. கூடப் படிச்சவ ஜெசிந்தான்னு ஒருத்தி பீளமேட்டுல இருக்கா, அவ வீட்டுல உக்காந்து படிக்கிறேன்னா. 'வெள்ளிக்கிழமை பரீட்சை. நீங்க அலைய வேணாம். நான் சனிக்கிழமை வந்துர்றேன்'னா. எனக்கு மனசே இல்ல. ஆனா ஜெசிந்தா வீட்டுல கறி எடுக்க மாட்டாங்களாம், நான் போய் என்ன பண்ண? சரின்னு விட்டுட்டேன்.

இன்னைக்குக் காலையில பழனிக்கு வந்தேன், கைக்கு எக்சர்சைஸ் குடுக்குற எடத்துக்கு. அங்க ஒரு பாப்பா இருக்கும், விரலைப் புடிச்சு மடக்கி மடக்கி விடும். வலியில நான் சுவத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன். இன்னைக்குப் புதுசா ஒரு படம் மாட்டியிருந்தாங்க. மனுசனை முன்னாடி தொறந்து வச்ச மாதிரி, உள்ளாற உள்ளதெல்லாம் கலர் கலரா. ஈரல் பாத்தேன், சரி. மண்ணீரல் பாத்தேன், சரி. வயிறு ஒண்ணுதான் இருக்கு. பாப்பாகிட்ட, 'ஏம்மா, மத்த மூணு அறை எங்க?'ன்னேன். அது என்னான்னு கேட்டுச்சு. நான் விளக்கமாச் சொன்னேன். அந்தப் பாப்பா என் விரலை விட்டுட்டுச் சிரிக்குது பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. 'மனுசனுக்கு ஒரே வயிறுதான் அங்கிள். உங்களுக்கு யாரு நாலுன்னு சொன்னா?'

யாரு சொன்னாவா? நான்ல சொன்னேன்! நான் சொல்லி, அவ சரிங்கன்னு வாங்கி மனசுல வச்சிருக்கா. நாளைக்குக் கம்ப்யூட்டர்ல வயிறுன்னு ஒரு கேள்வி வரும், அவ நாலுன்னு அமுக்குவா. ஒரே கேள்விண்ணே. போன தடவையும் அதுலகூடப் போயிருக்கலாம்ல? நான் எந்திரிச்சுட்டேன். பாப்பா பின்னாடியே வருது, 'அங்கிள், விரல் கணு கெட்டிப்பட்டுக்கிட்டே வருது, டாக்டர் ஆபரேஷன் எப்பன்னு கேட்டாரு'ன்னுச்சு. அதைக் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு நேரமா இருக்கு? நேரா பஸ் ஸ்டாண்டுதான்.

நிவேதாவுக்குப் போன் போட்டேன். 'அப்பா, போகாதீங்கப்பா. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியும்ப்பா'ங்குது. 'தெரிஞ்சவ எதுக்குடி எங்கிட்டச் சரிங்கன்னா'ன்னு கேட்டேன். அதுக்கு அந்தக் கழுதை, 'சாயங்காலம் வரைக்கும் பொறுங்கப்பா'ன்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் பொறுத்தா அவ படிக்கிறதுக்கு நேரம் எங்க இருக்கு? பசங்களுக்கு என்ன தெரியும் இதோட அவசரம்.

உடுமலை தாண்டியாச்சா? பஸ்ஸை உருட்டுறானா தள்ளுறானான்னு தெரியல. இன்னொரு தடவை உங்க போன்ல... இருங்க, இருங்க. எனக்கே வருது. மலருண்ணே!

மலரு! நீ ஒண்ணும் பேசாத, மொதல்ல நான் சொல்றதைக் கேளு. வயிறு ஒண்ணுதான். நாலு இல்ல. ஒண்ணு. எழுதி வச்சுக்க, ஒண்ணு... என்னது? என்ன முடிஞ்சு போச்சு? ... இன்னைக்கா? நாளைக்குன்னுல்ல சொன்ன... ஆங்? சத்தமாச் சொல்லு, பஸ் எரைச்சல். ... மலரு. மலரு, நெசமாவா?

அண்ணே, பாஸாம்ணே! பாஸ் பண்ணிட்டாண்ணே! கம்ப்யூட்டர்லயே காட்டிருச்சாம்! இல்லண்ணே, அழுகல, விடுங்க.

இரு மலரு, வச்சிராத. வயிறு கேட்டானா? ... கேட்டானா! என்ன போட்ட? ... ஒண்ணா? நான் உனக்கு நாலுன்னுல்ல... ம். ... அப்புறம் எதுக்குடி அன்னைக்குச் சரிங்கன்ன? ... ம். ... ம். ... இல்ல, நான் எதுக்குக் கோச்சுக்கப் போறேன். ... பஸ்லதான் இருக்கேன். உன்னத்தான் பாக்க வந்துக்கிட்டிருக்கேன். ... நாளைக்கா? எந்த டாக்டரு? ... மலரு, அதை ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். மொதல்ல நீ சாப்பிடு. ... சொல்லு. ... ம். சரி. வைக்கிறேன்.

பாஸ்ணே. அம்புட்டுதான், பொழைச்சோம்.

பரீட்சை இன்னைக்குத்தானாம். தேதியை முன்னாடி இழுத்துட்டானுகளோ என்னமோ, அந்த அவசரத்துல எனக்குச் சொல்ல நேரம் இருந்திருக்காது. நிவேதாவுக்குத் திங்கக்கிழமையே தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட வாய் தவறி வெள்ளின்னு வந்திருக்கும். இல்லண்ணே? நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க. வாய் தவறும்ல மனுசனுக்கு.

வயித்துக்கு ஒண்ணுன்னுதான் போட்டிருக்கா. 'எனக்கு என்னைக்குமே ஒண்ணுதாங்க'ங்குறா. 'பதினாலு வருசமா மனுச வயித்துக்கு டியூப் போடுறேங்க, எனக்குத் தெரியாதா'ங்குறா. நான் அதை யோசிக்கவே இல்ல பாருங்க. அவ நர்ஸுங்கிறதே எனக்கு மறந்து போச்சு. அப்புறம் எதுக்குச் சரிங்கன்னு கேட்டேன்ல, அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'பாடம் நடத்தும்போது மட்டுந்தாங்க நீங்க அந்தக் கையைத் துண்டுக்கு வெளிய எடுத்தீங்க. அதை ஆட்டி ஆட்டிப் பேசுனீங்க. அதான் நடத்தட்டும்னு உக்காந்திருந்தேன்'னா. அப்ப நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கலையாண்ணே? ஆஸ்பத்திரியில கால் கடுக்க நின்னுட்டு வந்து, அந்தத் தாம்பாளத்துக்கு முன்னாடி உக்காந்து, காதை மடக்கிப் பாருன்னா மடக்கிப் பாத்து... எனக்காகவா? ஒரு நாளாவது எழுந்து போயிருக்கலாம்ல.

இன்னொண்ணும் சொன்னா. ஜெசிந்தாவை வச்சு அங்க ஒரு கை டாக்டரைப் புடிச்சிருக்கா. கைக்குன்னே படிச்சவராம். நாளைக்குக் காலையில டோக்கன் போட்டு வச்சிருக்கா. திங்கக்கிழமையே போனது அதுக்கும் சேத்துத்தானாம். நான் ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்னேன். 'என் பரீட்சை முடிஞ்சிருச்சுங்க. இனி என்ன சாக்கு சொல்வீங்க'ன்னா. கோவமாக்கூடச் சொல்லலண்ணே. அசதியாச் சொன்னா.

சாக்கா சொன்னேன் நானு? அவளுக்காகத்தானே தள்ளி வச்சேன். நீங்க முழுசாக் கேட்டீங்கல்ல, நீங்களே சொல்லுங்க.

வேணாம்ணே. சரி, நானே சொல்றேன். மதுரை டாக்டர் அன்னைக்கு ரெண்டு வார்த்தை சொன்னாரு. 'சரியாகலாம், ஆகாமலும் போகலாம்'னாரு. மொத வார்த்தையை வச்சுக்கிட்டுத்தாண்ணே இந்த ஒரு வருசமா ஓட்டுறேன். செய்யாத வரைக்கும், செஞ்சா சரியாயிரும்னு நினைச்சுக்கிட்டாவது படுக்கலாம். செஞ்சு, கட்டைப் பிரிச்சு, மடக்குய்யான்னு சொல்லி, அப்பவும் மடங்கலேன்னா? அப்புறம் நினைக்கிறதுக்கு என்ன இருக்கு? அப்புறம் கத்தியும் கிடையாது, அவளும் அரபு நாட்டுல இருப்பா, நான் இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒத்தையா உக்காந்திருக்கணும். எத்தனை ஆட்டைச் சாச்சிருப்பேன், ஒரு நாளும் கை நடுங்குனது இல்ல. இப்ப என் மேல ஒருத்தன் கத்தி வைக்கப் போறான்னா ஒண்ணுக்கு வர்ற மாதிரி இருக்குண்ணே. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாம் தெரிஞ்சிருக்கு. 'நேரா இங்க வந்துருங்க, ஜெசிந்தா வீட்டுலயே படுத்துக்கலாம்'னா. சரின்னுட்டேன். வாய்தான் சொல்லுச்சு.

அங்க தெரியுது பாருங்க, பொள்ளாச்சி வந்துருச்சு. இங்க வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். எதிர்ப்பக்கம் எந்நேரமும் பழனி பஸ் ஒண்ணு நின்னுக்கிட்டே இருக்கும், ஏறுனா பொழுது சாயிறதுக்குள்ள வீட்டுல இருக்கலாம். நீங்க கோயம்புத்தூர் வரைக்கும் வர்றீங்கல்ல? கொஞ்சம் காலை இப்படி நீட்டி உக்காருங்கண்ணே, வழியை மறிச்சாப்புல. டீ குடிக்கப் போறேம்பேன், தண்ணி வாங்கப் போறேம்பேன், என்ன சொன்னாலும் நம்பாதீங்க. நான் எந்திரிச்சா சட்டையைப் புடிச்சு இழுத்து உக்கார வச்சிருங்க.